கூகையின் கல்லறைக்கு உரித்துக்காரி

கையில் சுண்ணாம்பு மணக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணுக்குள் போன வெள்ளை போகவில்லை. இந்தக் கையோடுதான் மத்தியானம் இவருக்குச் சோறு போட்டேன். என் விரல்களைப் பார்த்தார். குழம்பை மட்டும் தானே அள்ளி விட்டுக்கொண்டார்.

உமக்குச் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற சைவக்காரி, விடிய எழும்பி உங்கள் மாதா கோயில் வேதக்காரரின் சேமக்காலைக்குள் போய், ஆரென்றே தெரியாத ஒருவரின் கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு வந்திருக்கிறேன். எல்லாம் உம்மால் வந்த வினை. அதனால் உமக்குத்தான் எழுதவேண்டும். வேறு ஆருக்கு எழுதினாலும் இவளுக்கு மூளை தட்டிவிட்டது என்பார்கள்.

எங்களைச் சிநேகிதிகளாக்கியது சீனி வருத்தம். கிளினிக்கில் ஒரே வாங்கில் இருந்தோம். டொக்டர் இரண்டு பேருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்லி அனுப்பினார்: நடவுங்கோ. எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. பெரிய தெருவில் மோட்டார்சைக்கிள் பெடியன்கள் உரசிக்கொண்டு போவார்கள். ஒழுங்கைகளில் நாய். நான் ஒருநாள் புத்தூர்ப் பக்கம் நடந்து, ஒரு லொறிக்கு ஒதுங்கப் போய்த் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து எழும்பினேன். அதைக் கேட்டுவிட்டு நீர் வீட்டுப் படலைக்கே வந்தீர்.

"என்னோடை வாரும். ஹோண் சத்தம் இல்லாத இடம் ஒண்டு கிடக்கு."

நம்பி வந்தேன். சேமக்காலையின் இரும்புப் படலையை நீர் தள்ளியதும் நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"இஞ்சையோ?"

"வேறை எங்கை? செத்தவை வழி விடச் சொல்லிக் கத்தமாட்டினம். வாரும்."

எங்களுடைய ஆட்களில் பெண்கள் சுடலைப் பக்கம் போவதில்லை. ஆண்கள் போய்வந்தாலும் முழுகாமல் வாசற்படி மிதிக்க முடியாது. வேதக்காரருடைய சேமக்காலை சுடலைக் கணக்கில் வருமா வராதா என்று எனக்குத் தெரியவில்லை. இவரிடம் கேட்டால் வரும் என்பார். கேட்காமல் விடுவதே புத்தி என்று விட்டேன். அதற்கும் நீரே வழி கண்டுபிடித்தீர். நடந்து முடிந்ததும் உம்முடைய வீட்டுக் கிணற்றடிக்குப் போவோம். எனக்கென்று ஒரு வாளியும் துவாயும் அங்கே இருந்தன. தலையில் வார்த்துக்கொண்டு, ஈரத் தலைமயிரை முடிந்துகொண்டு, புத்தூர்ப் பக்கம் நடந்து களைத்தவளாய் வீட்டுக்குப் போவேன். "இவ்வளவு வேர்க்குதோ?" என்று இவர் ஒருநாள் கேட்டார். ஓம் என்றேன்.

உள்ளே எனக்கு முதலில் பயம்தான். பிறகு பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவு இருந்தது பார்க்க. புதிய பக்கத்தில் மாபிள் பதித்த கல்லறைகளும் பிளாஸ்ரிக் மாலைகளும். அதைத் தாண்டினால் பழைய பக்கம். சண்டைக்கால இடப்பெயர்வுக்குப் பிறகு ஒருவரும் தேடி வராத கல்லறைகளை நாயுண்ணியும் ஈச்சையும் மூடிவிட்டன. வெடிப்புகளில் பட்டிப்பூ. ஒரு பெரிய நாவல் மரம். காலை வெயில் ஏறியதும் உடும்பு ஒன்று ஒரு சிலுவையின் அடியில் வந்து கிடக்கும், தன் சொந்தக் காணி போல. கீரி தாயும் குட்டிகளும் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு பாதையைக் கடக்கும்போது நீர் என் கையைப் பிடித்து நிறுத்துவீர். செண்பகம் புதருக்குள் இருந்து அடித்தொண்டையால் கூப்பிடும். ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வந்துவிட்டதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே நடப்பீர். அது கூப்பிட்டதும் ஏதோ வெளிநாட்டிலிருந்து மகன் வந்து இறங்கியது போல உம்முடைய முகம் மாறும். உம்முடைய மகன் லண்டனிலிருந்து அவ்வளவாக வருவதில்லை. அதை நீர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நாவலுக்குக் கிட்ட ஆள் உயரத்துக்குக் கட்டிய கல்லறை ஒன்று. எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. மேல் விளிம்பின் கீழே கல் பெயர்ந்து ஒரு ஓட்டை. அதன் படியில் நாங்கள் குந்தி இளைப்பாறுவோம். அங்கேதான் ஒருநாள், ஊர் சாக்குருவி என்று சொல்லிக் காறித் துப்புகிற அந்தப் பறவையை எனக்குக் காட்டினீர். பொழுதுபடும் நேரம். ஓட்டைக்குள் வெள்ளை முகம் ஒன்று, அரைத்த தேங்காய்ப்பூவை அப்பிய மாதிரி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு கூசியது.

"கூகை. சோடியா இருக்கினம். பேய் பிசாசு எண்டு பயப்பிடாதையும். உங்கடை வயல் எலியைத் தின்னுறது உதுதான்."

"சாக்குருவியல்லோ. கத்தினால் சாவு வரும்."

"சேமக்காலையிலை இல்லாமல் அது கலியாண வீட்டிலையே போயிருக்கும்?"

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னீர். அந்தக் கல்லறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் செத்தால் உப்பிடி ஒரு கட்டடத்துக்குள்ளை அடைக்க விடாதையும். யன்னல் திறக்காமல் எனக்கு நித்திரை வராது. மண்ணிலை போடச் சொல்லும்" என்றீர். அபசகுனமாய்க் கதையாதையும் என்று உம்மை ஏசினேன். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு தேவைப்படப் போகிறது என்று அப்போது தெரியாது.

போன வருடம், கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற ஆத்துமாக்களின் திருநாள் நெருங்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து வந்த நீர் முகம் கறுத்துப்போய் நின்றீர். புதிய பக்கத்தில் இடம் இல்லையாம். உரித்துக்காரர் இல்லாத பழைய கல்லறைகளை இடித்து, பற்றைக்கு நெருப்பு வைத்து, இடம் எடுக்கப் போகிறார்களாம். சேமக்காலைக் குழுவுக்குத் தலைவர் செபமாலையண்ணை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தக் கூகை வந்த பிறகுதான் ஊரில் சாவு கூடிவிட்டது என்று சத்தியமாய் நம்புகிறவர்.

"உள்ளுக்கை முட்டை கிடக்கு," என்றீர். "தாய் வெளிக்கிடுறேல்லை. நெருப்பு வைச்சால் அதுவும் சேர்ந்து வேகும்."

"போய்ச் சொல்லுமன்."

"ஆருக்கு? கூகை முட்டையிலை இருக்கு, பொறுங்கோ எண்டோ? அப்ப இண்டைக்கே வைப்பினம்."

அவர்கள் வந்த காலையில் நாங்கள் உள்ளே நின்றோம். மண்ணெண்ணெய் மணம் அவர்களுக்கு முதலே வந்துவிட்டது. செபமாலையண்ணையும், அலவாங்கும் கத்தியுமாக நாலைந்து ஆட்களும். நான் நாவல் மரத்தின் பின்னால் ஒதுங்கினேன். என்னைக் கண்டால் இவருடைய காதுக்குப் போய்விடுமே என்பதுதான் என் யோசனை. நீர் நேரே போய் அந்தக் கல்லறைப் படியில் ஏறி நின்றீர்.

"இதிலை கை வையாதேயுங்கோ அண்ணை. இது எங்கடை பூட்டன்ரை."

செபமாலையண்ணை உம்மையும் கல்லறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தேல்லை?"

"கொளுத்தாதது என்ரை பிழை. இடிச்சால் உங்கடை பிழை."

அவர் அலவாங்கைக் கீழே வைக்கச் சொன்னார். நாவலைச் சுற்றி நெருப்பு வரக்கூடாது என்றும் நீரே எல்லை காட்டினீர். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் படியில் இருந்துவிட்டீர்.

அதோடு விடவில்லை. மறுநாளே சுண்ணாம்பு வாங்கி வெள்ளை அடித்தீர். பலகைச் சிலுவை ஒன்றில் உம்முடைய குடும்பப் பெயரை எழுதி நட்டீர். திருநாளன்று ஊர் பார்க்க மெழுகுதிரி கொளுத்தி, முன்பின் தெரியாத அந்தப் பூட்டனுக்காகச் செபம் சொன்னீர். உம்முடைய சொந்தத் தாய் தகப்பனின் கல்லறை அந்தப் பற்றைக்குள் எங்கே என்று உமக்குத் தெரியாது. புருஷனை அடக்கியது மன்னாரில், அவருடைய ஊரில். மெழுகுதிரி கொளுத்த உமக்கென்று ஒரு கல்லறையும் இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"உது பொய்யெல்லே. உங்கடை சமயத்திலை பாவமில்லையோ?" என்று கிணற்றடியில் கேட்டேன்.

"பாவந்தான். பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவன். ஆனால் குஞ்சு பறந்த பிறகு. இப்ப சொன்னால், போய் உண்மையைச் சொல்லெண்டு சுவாமியார் அனுப்பிப்போடுவார்."

நான் வயிறு நோகச் சிரித்தேன். நீரும் சிரித்தீர். குஞ்சு பறக்கும் வரை நீர் இருப்பீர் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

கார்த்திகை மழைக்குள் நீர் போனீர். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தவராம், எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். சாக்குருவி என்றும் சொன்னார்கள். "பற்றையை எரிக்கவிடாமல் அதுக்கு இடம் விட்டவவையே அது கொண்டுபோட்டுது" என்று செத்தவீட்டு வாசலில் நின்றே ஒருத்தி சொன்னாள். நான் அவளோடு இன்றைக்கும் கதைப்பதில்லை.

மகன் வந்து இறங்கினான். அடுத்த நாள் அடக்கம் என்று முடிவாயிற்று. முதல் நாள் பின்னேரம் நான் உம்முடைய பெட்டிக்குக் கிட்டப் பாயில் இருந்தேன். யன்னலெல்லாம் திறந்துதான் கிடந்தது. செபமாலையண்ணை வந்து மகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இடத்துக்கு யோசிக்காதையும் தம்பி. உங்கடை பூட்டன்ரை கல்லறை கிடக்கு. அம்மாவே காட்டித் தந்தவ. உடைச்சுத் துப்புரவாக்க ஆக்களை இப்பவே அனுப்பிப்போட்டன்."

"அம்மா அங்கை சிலுவை நட்டதைப் போனிலை சொன்னவ," என்றான் மகன்.

உம்முடைய முகத்தைப் பார்த்தேன். நீர் பொய் சொல்லிக் காப்பாற்றிய அதே கல்லறையை உமக்காகவே உடைக்கப் போகிறார்கள். குஞ்சுகள் உள்ளே. இறகு முளைத்துவிட்டது, பறப்பு இன்னும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பெட்டிக்குள் கிடக்கும் உம்மை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கவேண்டும். அதுவும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போன பொய். சொல்லாவிட்டால், நீர் எதற்காகப் படியில் ஏறி நின்றீரோ அது இன்று பொழுதுபட முதலே முடிந்துவிடும். வாயைத் திறக்கக்கூடியவர் நீர் ஒருவர்தான், நீர் திறக்கப்போவதில்லை. எழும்பி நடந்தேன். குடையை எடுக்கவும் நினைவில்லை.

அவர்கள் தொடங்கிவிட்டிருந்தார்கள். அலவாங்கு ஒருமுறை சுவரில் இறங்கிய சத்தம் படலையடியிலேயே கேட்டது. பிறகு சத்தம் நின்றது. நான் போய்ச் சேர, இரண்டு ஆட்களும் பின்வாங்கி நின்றார்கள். உள்ளே இருந்து சீறல் வந்துகொண்டிருந்தது.

"கிட்ட வராதேங்கோ அம்மா. உள்ளுக்கை பாம்பு. புடையனாக்கும். எண்ணெய் ஊத்திக் கொளுத்தினால்தான் வெளிக்கிடும்."

கூகைக் குஞ்சு அப்படித்தான் சீறும் என்று நீர் எனக்குக் காட்டித் தந்திருக்கிறீர். ஒருவன் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவிட்டான். நான் போய்ப் படியில் ஏறி நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீர் நின்ற இடம் அதுதான்.

"இறங்குங்கோ அம்மா."

"செபமாலையண்ணை வரட்டும்."

அவர் வந்தார், மகனும் பின்னால் ஓடிவந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அவவை உதுக்குள்ளை வைக்கவேண்டாம். தன்னைக் கட்டடத்துக்குள்ளை அடைக்க விடவேண்டாம், மண்ணிலை போடச் சொல்லும் எண்டு எனக்குச் சொன்னவ. இந்தப் படியிலை இருந்துதான் சொன்னவ."

"நீங்கள் இஞ்சை எப்ப வந்தனீங்கள்?" என்றார் செபமாலையண்ணை.

"நாங்கள் இஞ்சைதான் நடக்கிறனாங்கள்."

அது ஒன்று வெளியே வந்துவிட்டது. அவர் விடவில்லை.

"பூட்டன்ரை கல்லறை எண்டு என்னோடை சண்டை பிடிச்ச மனிசி. அதுக்குள்ளை தான் கிடக்கமாட்டன் எண்டு சொன்னவவோ? நல்லூர்க் கந்தனாணைச் சொல்லுங்கோ பாப்பம்."

"நல்லூர்க் கந்தனாணை, அப்பிடித்தான் சொன்னவ."

சொன்னது உண்மைதான். ஆனால் அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அதையே கேட்டார்.

"அப்ப உது அவவின்ரை பூட்டன்ரையோ, இல்லையோ?"

உள்ளே சீறிக்கொண்டிருந்தன. போத்தல் இன்னும் அவனுடைய கையில். கந்தன் பேரைச் சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

"அதை அவ உங்களுக்கெல்லே சொன்னவ, அண்ணை. எனக்குச் சொன்னதை நான் சொல்லிப்போட்டன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போதுதான் மகன் கதைத்தான். அதுவரை நாவல் மரத்தைப் பார்த்தபடி நின்றவன்.

"என்னட்டை வந்து நிண்ட நேரம் லண்டன் குளிருக்கையும் யன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுத்தவ. நான் சண்டை பிடிச்சனான், அன்ரி. காசைக் கரியாக்கிறியளெண்டு ஏசினனான்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு, "மண்ணிலை வைப்பம்" என்றான்.

நாவலின் இந்தப் பக்கத்தில், கல்லறைக்கு முன்னால் இடம் பார்த்தார்கள். போத்தலுக்கு மூடி போட்டதைக் கண்ட பிறகுதான் நான் படியை விட்டு இறங்கினேன்.

வெளியே வந்த பிறகு இன்னொரு பயம் பிடித்தது. இனி எங்கே முழுகுவது? உம்முடைய கிணற்றடியில் ஊரே நின்றது. நனைந்த சீலையோடு வீட்டுப் படலையில் வந்து நின்றேன். உள்ளே போகவில்லை. இவர் விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"சேமக்காலையிலை இருந்து வாறன்," என்றேன். "இண்டைக்கு மட்டுமில்லை. இவ்வளவு காலமும் அங்கைதான் நடந்தனான்."

இவர் ஏசுவார் என்று நின்றேன். இவர் எழும்பி, கிணற்றடிக்குப் போய், மோட்டரைப் போடாமல் கையாலேயே தண்ணீர் அள்ளி வாளியை நிரப்பினார். நிரப்பிவிட்டுத்தான் கதைத்தார்.

"எங்கடை கிணறு வத்தியே போச்சு, ஊரார் வீட்டிலை முழுகிறதுக்கு?"

அன்றும் மறுநாளும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. உம்முடைய அடக்கத்துக்கு உங்கள் சமயப் பெண்களோடு நானும் படலை தாண்டி உள்ளே வந்தேன். திரும்பி வரும்போது வாளி நிரம்பி இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் இருக்கிறது. கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீரா? இல்லை. வாளி வைப்பது வேறு, கோபம் வேறு.

குஞ்சுகள் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டப் பறந்தன. முதல் குஞ்சு ஓட்டையை விட்டு வெளியே வந்து, விளிம்பில் நின்று ஆடிவிட்டு, உம்முடைய மண்மேட்டுச் சிலுவையில் போய்த் தொப்பென்று இருந்தது. நான் அழுதேன். "பறந்திட்டுது, இனிப் போய்ச் சொல்லும்" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்ல நீர் இல்லை. அந்த எண்ணம் இந்த வருடம் முழுவதும் என்னை அரித்தது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போனவர்களுக்கு உங்கள் சமயத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

சோடி திரும்பவும் வந்திருக்கிறது. ஓட்டைக்குக் கீழே எலி எலும்புகள் புதிதாய்க் கிடக்கின்றன. ஆத்துமாக்களின் திருநாளும் வருகிறது. இன்று காலை, நான் சுண்ணாம்பு வாளியோடு நிற்கும்போது செபமாலையண்ணை வந்தார்.

"வீண் வேலை, தங்கச்சி. அவவும் இல்லை, மகனும் திரும்பிப் போட்டான். உரித்துக்கு ஆளில்லாட்டில் இந்த முறை எடுக்கத்தான் வேணும்."

"நான் இருக்கிறன்."

"நீங்கள் சைவமெல்லே. உங்களுக்கு என்ன முறை?"

ஓட்டையைப் பார்த்தேன். வெள்ளை முகம் அங்கே இருந்தது. அவர் மறுபடியும் கந்தன் பேரில் ஆணை கேட்க முதல் சொல்லி முடித்துவிடவேண்டும் என்று பட்டது.

"எங்கடை பூட்டனும் அவவின்ரை பூட்டனும் கூடப்பிறந்தவை. வேதத்துக்கு மாறினவை. எங்கடை வீட்டிலை உதைக் கதைக்கிறேல்லை."

அவர் என்னையும் கல்லறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அதுதான் ரெண்டு பேருக்கும் ஒரே குணம்" என்றுவிட்டுப் போனார்.

அவர் வீட்டுக்குப் போக முதலே கதை எங்கள் கோயில் வீதிக்குப் போயிருக்கும். சற்று முன் இவர் விறாந்தையில் இருந்தபடி, பேப்பரை விலக்காமல் கேட்டார்: "உம்மடை பூட்டனுக்கு ஞானஸ்நானத்திலை என்ன பேர் வைச்சவையாம்?" யோசித்துச் சொல்லுறன் என்றேன். பேப்பர் கொஞ்சம் ஆடியது. சிரித்தாரோ, கோபமோ, தெரியவில்லை.

மகனுக்கு வீடும் வளவும் விட்டீர். எனக்கு ஒரு பொய்யை விட்டுவிட்டுப் போனீர். இன்று காலை அதை என் பேருக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். அங்கே உம்மை ஆரும் கேட்டால், அது இப்போது புத்தூர்ப் பக்கம் நடக்கிற ஒரு சைவக்காரியின் பொய், அவளிடம் போய்க் கேளுங்கோ என்று சொல்லிவிடும்.